382 முறை 'ஜஸ்ட் மிஸ்'!

எனக்கு ஒரு சுபாவம். டி.வி.யில் எந்தப் போட்டி ஓடினாலும் சரி, உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தோற்கப்போகிற கட்சி எதுவோ அதன் பக்கம் சாய்ந்துவிடுவேன். "நீங்க கை தட்டினாலே போதும், அந்த டீமுக்கு டெபாசிட் போயிடும்" என்பது என் சகதர்மிணியின் தீர்க்கதரிசனம். பெரும்பாலும் பலித்தும்விடுகிறது.

எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இங்கிலாந்தில் ஒரு கார் பந்தய டீம் இருந்தது. பெயர் ஆரோஸ். அதாவது, அம்புகள். 1978-ல் வில்லிலிருந்து புறப்பட்டது. 2002-ல் தரையில் விழுந்தது. நடுவில் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 382 முறை ஓடியது. 'அதில் ஜெயித்தது எத்தனை?' என்கிறீர்களா? பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். பேனாவை எடுத்து ஒரு வட்டம் போடுங்கள். அவ்வளவுதான். சைபர்!

இத்தனை தடவை ஓடி ஒன்றைக்கூட ஜெயிக்காத டீம் இதுவரை வேறு கிடையாது. அந்த விதத்தில் ஆரோஸும் ஒரு சாதனையாளர்தான். பொன்னாடைதான் யாரும் போர்த்தவில்லை.

ஃபார்முலா ஒன் பழக்கமில்லாதவர்களுக்கு நாலு வரி. ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத கார்கள். டீமுக்கு இரண்டு. பந்தயம் சுமார் முந்நூறு கிலோமீட்டர். அந்தக் காலத்தில் வருஷத்துக்குப் பதினாறு, பதினேழு ஊர்களில் நடக்கும். முதல் நாள் ஒரு சுற்றை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் பந்தயத்தன்று எல்லாருக்கும் முன்னால் நிற்பார். அதற்கு 'போல் பொசிஷன்' என்று பெயர். ஆரோஸ் இருந்த வரைக்கும் முதல் ஆறு பேருக்குத்தான் மார்க். ஏழாவதாக வந்தவனும் ஒன்றுதான், முதல் வளைவிலேயே சுவரில் முட்டியவனும் ஒன்றுதான்.

இதில் நடுவில் ஓடுகிறவன் பாடு இருக்கிறதே, அது வகுப்பில் பதினேழாவது ரேங்க் வாங்குகிற பையன் பாடு. முதல் பெஞ்சில் ஃபெராரி, மெக்லாரன், வில்லியம்ஸ். கோப்பையெல்லாம் அங்கேதான் போகும். கடைசி பெஞ்சில் இத்தாலியின் மினார்டி. 1985 முதல் 2005 வரை 340 பந்தயம், அவர்களும் சைபர்தான். ஆனால், கடைசி பெஞ்ச் பையன் மேல் எல்லாருக்கும் ஒரு செல்லம் உண்டு. மினார்டிக்கு உலகம் பூரா ரசிகர்கள் இருந்தார்கள். பதினேழாவது ரேங்க் பையனுக்கோ பாராட்டும் இல்லை, பரிதாபமும் இல்லை. வாத்தியாருக்கு அவன் பெயரே ஞாபகம் வராது. "டேய், நீதாண்டா... அந்த நீலச் சட்டை!" என்பார். ஆரோஸ்தான் அந்த நீலச் சட்டை.

இத்தனைக்கும் ஆரம்பம் அமர்க்களம்.

1977 கடைசியில் 'ஷேடோ' என்ற டீமில் இருந்த சில பேர் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அம்ப்ரோஸியோ, ரீஸ், ஆலிவர், வாஸ், சவுத்கேட். இந்த ஐந்து பேரின் முதல் எழுத்துக்களைக் கோத்துத்தான் 'ஆரோஸ்'. 'ஆங்கிலத்தில் அதற்கு ஆறு எழுத்தாயிற்றே?' என்று கேட்கக் கூடாது. கூடுதலாக ஒரு 'ஆர்' போட்டுக்கொண்டார்கள். கணக்கு அப்போதே லேசாக இடித்திருக்கிறது! பணம் போட்ட அம்ப்ரோஸியோ, சீக்கிரமே நிதி முறைகேடு வழக்கில் இத்தாலியில் கம்பி எண்ணப் போனார்.

இரண்டே மாசத்துக்குள் ராப்பகலாக ஒரு காரைச் செய்து முடித்தார்கள். 1978 ஜனவரியில் பிரேஸிலில் முதல் பந்தயம். மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் இரண்டாவது. ஓட்டியது ரிக்கார்டோ பட்ரேஸே என்ற 23 வயது இத்தாலிப் பையன். அவன் என்ன செய்தான் தெரியுமோ? முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக ஓரங்கட்டிவிட்டு முதல் இடத்துக்கு வந்துவிட்டான்! பிறந்து சில மாசமே ஆன டீம், தான் ஓடும் இரண்டாவது பந்தயத்திலேயே ஜெயிக்கப்போகிறது. இன்னும் பதினைந்து சுற்றுதான் பாக்கி...

இன்ஜின் புகைந்தது. கதை முடிந்தது.

அன்றைக்கு அந்த இன்ஜின் இன்னும் இருபது நிமிஷம் தம் பிடித்திருந்தால், நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எந்தக் குழந்தைக்கும் பிறந்த சில மாசத்திலேயே லட்டைக் காட்டிவிட்டுப் பிடுங்கக் கூடாது. ஆயுசு பூரா நாக்கில் அந்த ருசி நிற்கும்.

அடுத்து கோர்ட். 'எங்கள் கார் டிஸைனைக் காப்பியடித்துவிட்டார்கள்' என்று ஷேடோ வழக்குப் போட்டது. இதில் வேடிக்கை, ஷேடோ காரை வரைந்தவரும் சவுத்கேட்தான், ஆரோஸ் காரை வரைந்தவரும் அவரேதான். ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தவர் அடுத்த பத்திரிகைக்குத் தாவி, அதே கதையைக் கதாநாயகி பெயரை மட்டும் மாற்றிப்போட்டால் எப்படி இருக்கும்? லண்டன் நீதிபதி 'காப்பிதான்' என்று தீர்ப்புச் சொல்லிக் காரையே தடை செய்துவிட்டார். ஆனால், இவர்கள் தீர்ப்பை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, பின்கட்டில் இன்னொரு காரைத் தயாராக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்தயம்கூடத் தவறாமல் அதில் ஓடினார்கள்.

அந்த வருஷம் சிரிக்க முடியாத சங்கதிகளும் நடந்தன. ஆரோஸுக்கு ஓட்டுவதற்காக ஒப்பந்தமாகியிருந்த ஸ்வீடன்காரர் குன்னார் நில்ஸன், புற்றுநோயால் ஒரு பந்தயம்கூட அவர்கள் காரில் ஓட்டாமலே அக்டோபரில் இறந்துபோனார். வயசு 29. அதற்கு முந்தின மாசம் இத்தாலியில் மோன்ஸா பந்தயம் கிளம்பிய சில விநாடிகளில் பெரிய மோதல். ரோனி பீட்டர்ஸன் என்ற அருமையான டிரைவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பழி முழுக்க இளையவன் பட்ரேஸே மேல் விழுந்தது. சக டிரைவர்களே, 'அவன் வந்தால் நாங்கள் ஓட்ட மாட்டோம்' என்று அடுத்த பந்தயத்தில் அவனை ஒதுக்கிவைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து இத்தாலி கோர்ட் 'அவன் குற்றவாளி இல்லை' என்றது. பட்ரேஸே அத்தனை நாளும் ஆரோஸ் காரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த டீம் அவனைக் கைவிடவில்லை. கோப்பை அலமாரியில் வைக்க முடியாத சமாசாரம் இது. ஆனால், என் கணக்கில் இதற்கு ஒன்பது மார்க்.

1981-ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் பட்ரேஸே போல் பொசிஷன் வாங்கினான். ஆரோஸின் இருபத்தைந்து வருஷ சரித்திரத்தில் அது ஒன்றுதான். முதல் 24 சுற்று அவன்தான் முன்னால். அப்புறம் பெட்ரோல் ஃபில்டர் கோளாறு!

பார்த்தான் பட்ரேஸே. வருஷக் கடைசியில் பிராபம் டீமுக்குப் போனான். போன ஐந்தாம் மாசம், 1982 மே-யில், மோனாகோவில் ஜெயித்தேவிட்டான்.

இங்கேதான் ஆரோஸின் ஜாதக விசேஷம் ஆரம்பமாகிறது. அங்கே இருக்கும்வரை யாரும் ஜெயிக்க மாட்டார்கள். வெளியே போனால் ஜெயிப்பார்கள்! பெல்ஜியத்தின் தியரி பூட்ஸன் ஆரோஸில் நாலு வருஷம் இருந்தார். பிறகு வில்லியம்ஸுக்குப் போய் மூன்று பந்தயம் ஜெயித்தார். ஆஸ்திரியாவின் கெர்ஹார்ட் பெர்கர் 1985-ல் இங்கே ஓட்டினார். பின்னால் மற்ற டீம்களில் ஜெயித்தது பத்து. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி என்று வையுங்களேன். இங்கே கற்றுக்கொண்டு போனவர்கள் எல்லாம் பெரிய உத்தியோகத்தில். இன்ஸ்டிட்யூட் மட்டும் அதே சந்தில், அதே ஓட்டை நாற்காலிகளோடு.

1988 இன்னும் பிரமாதம். அப்போது ஆரோஸின் ஸ்பான்சர் ஒரு அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி. (மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் போகிற வண்டிமேல் இன்ஷூரன்ஸ் விளம்பரம்... அந்த மானேஜரின் தைரியத்தைத்தான் பாராட்ட வேண்டும்.) இன்ஜின், பி.எம்.டபிள்யூ. கம்பெனி கை கழுவிய பழைய சரக்கு. அதற்கு 'மெகாட்ரான்' என்று புதுப் பெயர் சூட்டி ஓடவிட்டார்கள். காரை வரைந்தவர் ராஸ் பிரான். ஆமாம், பின்னால் மைக்கேல் ஷூமாக்கரின் வெற்றிகளுக்குப் பின்னால் மூளையாக இருந்த அதே பிரான்தான். அவரும் இந்த இன்ஸ்டிட்யூட் மாணவர்!

அந்த வருஷம் நடந்த 16 பந்தயங்களில் பதினைந்தை மெக்லாரனே வாரிக்கொண்டு போய்விட்டது. மெக்லாரன் கோட்டைவிட்டது ஒன்றே ஒன்று, மோன்ஸா. 'ஆஹா, இதுதான் சமயம்!' என்று ஆரோஸ் கார்கள் இரண்டும் பாய்ந்து வந்தன. வந்த இடம் மூன்றாவது, நாலாவது. முதலிலும் இரண்டாவதிலும் ஃபெராரி. ஜெயித்த ஃபெராரியை ஓட்டியவர் யார் தெரியுமோ? கெர்ஹார்ட் பெர்கர். பழைய மாணவர்!

ஆனாலும், வருஷக் கடைசியில் ஆரோஸுக்கு 23 புள்ளி. லோட்டஸ் டீமுக்கும் 23. லோட்டஸிடம் அப்போது இருந்தது மெக்லாரனிடம் இருந்த அதே ஹோண்டா இன்ஜின். ஓட்டியது முந்தின வருஷத்து உலக சாம்பியன் நெல்ஸன் பிக்கே. பழைய இன்ஜினை வைத்துக்கொண்டு அவர்களுக்குச் சமமாக வந்து நின்றார்கள் இவர்கள். இதை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்காது. பதினேழாவது ரேங்க் பையன் பதிமூன்றாவதாக வந்தால் வீட்டில் பாயசமா வைக்கிறார்கள்?

பிறகு ஜப்பானிய முதலாளி வந்தார், டீமின் பெயர் 'ஃபுட்வொர்க்' ஆயிற்று. 1991-ல் போர்ஷே இன்ஜின் வந்தது. போர்ஷே என்றால் சாமான்யமில்லை. 1984 முதல் 86 வரை மெக்லாரன் டிரைவர்களை மூன்று வருஷம் உலக சாம்பியனாக்கிய இன்ஜின் அவர்கள் கைவண்ணம்தான். ஆனால், ஆரோஸுக்கென்று செய்துகொடுத்த பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின், கல்யாண வீட்டு கிரைண்டர் மாதிரி அவ்வளவு கனம். ஒரு புள்ளிகூடக் கிடைக்காமல் பாதி வருஷத்திலேயே கழற்றி வைத்துவிட்டார்கள்.

இனி 1997. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1996 உலக சாம்பியன் டேமன் ஹில். அவருடைய அப்பா கிரஹாம் ஹில்லும் இரண்டு முறை சாம்பியன். பட்டம் வாங்கிக் கொடுத்த டேமனுக்கு வில்லியம்ஸ் டீம் கொடுத்த பரிசு, வேலை நீக்கம்! டாம் வாக்கின்ஷா அப்போதுதான் ஆரோஸை வாங்கியிருந்தார். ஹில்லைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். சாம்பியன் ஓட்டும் கார் மேல் '1' என்று நம்பர் போடுவது சம்பிரதாயம். ஜென்மத்தில் ஜெயிக்காத டீமின் கார் மேல் நம்பர் ஒன்று!

முதல் பந்தயம் ஆஸ்திரேலியா. தட்டுத் தடுமாறி இருபதாவது இடத்தில் நிற்கத் தகுதி பெற்றார் ஹில். பந்தயம் தொடங்குமுன் வண்டிகளைச் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சுற்றிலேயே கார் நின்றுவிட்டது. ஜூலை வரை ஒரு புள்ளி கிடையாது. அப்புறம் சில்வர்ஸ்டோனில் ஆறாவதாக வந்து ஒரே ஒரு புள்ளி.

ஆகஸ்ட் 10, ஹங்கேரி. நம் ஊர் நேரப்படி சாயங்காலம் ஐந்தரை. அந்த ஊர்த் தடம் வளைவும் நெளிவுமானது. இன்ஜின் பலம் அங்கே அவ்வளவாக எடுபடாது. வெயிலோ கொளுத்துகிறது. பெரிய டீம்கள் போட்டிருந்த குட்இயர் டயர்கள் கொப்பளிக்க ஆரம்பித்தன. ஆரோஸின் பிரிட்ஜ்ஸ்டோன் கல் மாதிரி நின்றது. மூன்றாவது இடத்திலிருந்து கிளம்பிய ஹில், பதினோராவது சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஷூமாக்கரைத் தாண்டினார். ஷூமாக்கரை! ஆரோஸ்!

நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். "என்னாச்சு, கரண்ட் போயிடுத்தா?" என்று உள்ளேயிருந்து குரல்.

தாண்டியதோடு நிற்கவில்லை. இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனார். மொத்தம் 77 சுற்று. எழுபது தாண்டும்போது இரண்டாவதாக வந்த ஜாக் வில்நவ் அரை நிமிஷத்துக்கும் மேல் பின்னால். அரை நிமிஷம் என்பது அந்த விளையாட்டில் அடுத்த தாலுகா. நான் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டவே இல்லை. சகதர்மிணியின் தீர்க்கதரிசனம் ஞாபகம் இருந்தது.

கடைசி மூன்று சுற்று இருக்கையில் கார் இழுத்து இழுத்து ஓட ஆரம்பித்தது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிவு. ஆக்ஸிலேட்டர் சொன்னபடி கேட்கவில்லை, கியர் மூன்றிலேயே மாட்டிக்கொண்டது. காரை இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஓட்டினார் ஹில், படுத்துக்கொண்ட மாட்டை எழுப்புகிற மாதிரி. கடைசிச் சுற்றில், பாதி சக்கரம் புல்லில் உருள, வில்நவ் தாண்டிப் போனார். ஹில் ஒன்பது விநாடி பின்னால், இரண்டாவது.

கோளாறுக்குக் காரணம், சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஒரு வாஷர் என்று பின்னால் தெரிந்தது.

"ஒரு வாஷருக்கா இவ்வளவு?" என்றாள் சகதர்மிணி. சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு மாசமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது. வாஷரின் மகிமை எங்களுக்குத் தெரியாததா!

அன்று ராத்திரி எனக்கு ஹில்லைப் பற்றிக் கவலையில்லை. அவர் எப்படியும் பிழைத்துக்கொள்வார். (அடுத்த வருஷம் ஜோர்டான் டீமுக்குப் போய் பெல்ஜியத்தில் ஜெயித்தார். ஜாதகம்!) நான் நினைத்தது அந்த மெக்கானிக்குகளை. முன்னூற்றுச் சொச்சம் தடவை காரைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டியவர்கள். சனிக்கிழமை ராத்திரி தூங்காதவர்கள். அன்றைக்குப் பதினொன்றாவது சுற்றிலிருந்து அவர்கள் மனசில் என்னவெல்லாம் ஓடியிருக்கும்! அத்தனைக்கும் அப்புறம் இரண்டு வாரத்தில் பெல்ஜியத்தில் அடுத்த பந்தயம். மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஸ்பானரை எடுத்தார்கள். வேறு என்ன செய்வது?

அப்புறமும் அவ்வப்போது மின்னல் அடித்தது. 2001-ல் மலேசியாவில் கொட்டுகிற மழையில் யோஸ் வெர்ஸ்டாப்பன், பதினெட்டாவது இடத்தில் கிளம்பி ஒரு கட்டத்தில் இரண்டாவதாகவே வந்துவிட்டார். முடித்தது ஏழாவதாக. ஏழாவதுக்கு மார்க் கிடையாது என்று முன்னமே சொன்னேனே! அப்போது அவர் வீட்டில் மூன்று வயசில் ஒரு பையன். பெயர் மேக்ஸ். 2021 முதல் 2024 வரை வரிசையாக நாலு முறை உலக சாம்பியனானது அந்தப் பையன்தான். அப்பா வாங்காத மார்க்கையெல்லாம் வட்டியோடு வசூலித்துவிட்டான்.

கடைசியில் ஆரோஸை வீழ்த்தியது தோல்வி இல்லை. தோல்வி அவர்களுக்குச் சாப்பாட்டில் உப்பு மாதிரி. வீழ்த்தியது கடன். 2002-ல் ஸ்பான்சர் பணம் வற்றி, இன்ஜினுக்குக் கொடுக்கவே காசில்லாமல் போனது. ஜூலையில் பிரான்ஸின் மன்யி-கூரில் பந்தயம். போகாமல் இருக்கவும் வழியில்லை, ஓட்டவும் வசதியில்லை. அப்போது ஒரு விதி இருந்தது. முதலில் வந்தவர் ஒரு சுற்றை நூறு விநாடியில் முடித்தால், மற்றவர்கள் நூற்றேழு விநாடிக்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பந்தயத்தில் இடமில்லை. ஆரோஸின் இரண்டு டிரைவர்களும் தடத்தில் இறங்கினார்கள். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள். தகுதி பெறாமல் ஊர் திரும்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து வருஷம் வேகமாகப் போக முயற்சி செய்தார்கள், முடியவில்லை. ஒரே ஒரு நாள் மெதுவாகப் போக முயற்சி செய்தார்கள், முதல் தடவையிலேயே வெற்றி!

எழுதும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 382 தோல்வியில் எதுவும் என்னை அந்த ஒரு சுற்று அளவுக்குச் சங்கடப்படுத்தியதில்லை. வாஷர் அறுந்து தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், குழந்தையோடு விளையாடலாம். காலை மிதிக்காமல் தோற்றவன் என்ன செய்வான்? ஜெயிக்காதது ஒன்றும் அவமானமில்லை சார். அது பாட்டுக்கு அது. 'இன்னிக்கு முயற்சி பண்ணாதே' என்று சொல்லி ஒருத்தனைத் தடத்தில் இறக்கிவிடுகிற நாள் இருக்கிறதே, அன்றைக்குத்தான் கடையைச் சாத்துகிறோம். அடுத்து ஜெர்மனியில் ஒரே ஒரு பந்தயம் ஓடினார்கள். இரண்டு காரும் பாதியில் நின்றன. அதோடு சரி. கம்பெனி திவால்.

ஒரு பின்குறிப்பும் உண்டு. மெதுவாக ஓட்டச் சொன்னார்களே, அந்த ரகக் காரை மினார்டி முதலாளி வாங்கி வைத்திருந்தார். 2006-ல் 'சூப்பர் அகுரி' என்று ஜப்பானியர்கள் ஒரு புது டீம் தொடங்கியபோது கையில் காரில்லை. அவர்கள் இடம் பிடித்தது ஆரோஸின் பழைய லீஃபீல்டு தொழிற்சாலையில். தூசி தட்டி எடுத்தது அந்த நாலு வருஷத்துப் பழைய ஆரோஸ் காரை. ஒட்டுப்போட்டு, சாயம் பூசி, பஹ்ரைனில் இறக்கிவிட்டார்கள். இந்தத் தடவை, காலை அழுத்தி மிதித்து!

ஜெயித்ததா என்கிறீர்களா? பழையபடி பேனாவை எடுங்கள். ஒரு வட்டம் போடுங்கள்.